நாவலடி வயல் புதிர்

எங்கள் வீட்டுக்கு அழைப்பாணை வந்தால் பின்னாலேயே சவப்பெட்டியும் வரும். சிரிக்காதீர்கள் சகோதரங்களே. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதல் வழக்கு அப்பாவின் பெயருக்கு வந்தது. தீர்ப்பு எங்கள் பக்கம்தான். மேன்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. ஆனால் அந்தச் செய்தியைக் கேட்க அப்பா இருக்கவில்லை. இரண்டாவது வழக்கு என் தம்பியின் பெயருக்கு வந்தது. அதுவும் தள்ளுபடியானது. கடைசி நீதிமன்றத் தவணைக்குப் போய்த் திரும்பும் வழியில், பஸ்ஸுக்குள்ளேயே தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். மூன்றாவது அழைப்பாணையை நீதிமன்ற ஆள், பிஸ்கால், கொண்டுவந்தபோது அதில் இருந்தது என் பெயர். கையெழுத்து வைத்து வாங்கிக்கொண்டேன்.

வழக்குப் போட்டவர் அந்நியர் இல்லை. என் பெரியப்பாவின் மகன், செபஸ்தியான் அண்ணன். மன்னார்ப் பக்கம் எங்கள் ஊரில் நாவலடி வயல் என்று ஒரு வயல் இருக்கிறது. அப்பாவுக்கு முதுசமாக, பரம்பரைச் சொத்தாக வந்தது. சண்டைக் காலத்தில் நாங்கள் கொழும்புக்கு ஓடிவந்தோம், அண்ணன் தன் வயலோடு சேர்த்து அதிலும் பயிர் செய்தார். சண்டை முடிந்து அப்பா திருப்பிக் கேட்டபோதுதான் இந்த வினை தொடங்கியது. இப்போது அந்த வயலில் வெள்ளாமை செய்கிறவள் தம்பியின் மனைவி, என் மச்சாள். இரண்டு பிள்ளைகளோடு அந்த நெல்லில்தான் அவள் சீவியம். வயல் போனால் அவளுக்கு ஒன்றும் இல்லை.

வெள்ளவத்தையில் இருக்கும் எங்கள் சட்டத்தரணி அம்மாவிடம் ஓடினேன். "ரெண்டு தரம் தீர்ந்த வழக்கு, இனி எப்பிடிப் போடலாம்?" என்று சத்தம் போட்டேன்.

"ஒரே ஆக்கள், ஒரே காணி, ஒரே பிரச்சினை எண்டால் திருப்பிப் போட ஏலாது. ஆனா உங்கட அண்ணன் கெட்டிக்காரன். இது நாவலடி இல்லையாம். மடத்தடிக் காணியாம், வேற காணியாம், தான் கனகாலம் செய்த காணியாம். அதே காணிதான் எண்டு நாங்கள் காட்ட வேணும்" என்றார்.

காட்டுவது எப்படி? எல்லைக்கற்களை யாரோ பிடுங்கி எறிந்திருந்தார்கள். வயலுக்குப் பெயர் தந்த நாவல் மரம் தறிக்கப்பட்டு, வேர் கூட எரிக்கப்பட்டிருந்தது. அயல் காணிகள் கைமாறிவிட்டன. அளக்க வந்தவர், எதை வைத்து அளக்கிறது என்று கையை விரித்துவிட்டார்.

பிறகு போன் வரத் தொடங்கியது. எடுத்தால் யாரும் பேச மாட்டார்கள். பின்னால் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டர் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும். ஒரு நாள் மட்டும் அண்ணனின் குரல் வந்தது.

"தங்கச்சி, உனக்குப் பிறகு உன்ர மகன்ர பேரைத்தான் வழக்கில போடுவாங்கள்."

வழக்கில் ஒருவர் செத்தால் அவருடைய இடத்துக்கு வாரிசின் பெயரைப் போடுவார்கள். சட்டம்தான். ஆனால் அவர் சொன்னது சட்டம் மாதிரி இருக்கவில்லை.

அந்தக் கிழமையே ஒருகொடவத்தைக் கொன்டெய்னர் யாட்டில் வேலை செய்யும் என் மகன் ஒரு கொன்டெய்னர் மேலிருந்து விழுந்தான். கால் முறிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் என் கணவர் என்னைப் பிடித்து உலுக்கினார். "எழுதிக் குடுத்திட்டு வா! வயல் வேண்டாம், எனக்குப் பிள்ளை வேணும்!" நான் என்ன சொல்வேன்? ஒரு பக்கம் என் பிள்ளை, மறுபக்கம் தம்பியின் பிள்ளைகள். வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது கிடையாது.

அதுவரை நான் செபித்ததெல்லாம் வெல்ல வேண்டும் என்றுதான். இரண்டு தரம் வென்றோம், இரண்டு பேரைப் புதைத்தோம். அந்தத் தவக்காலத்தில் மாதா கோயிலில் முழங்காலில் இருந்து முதன்முறையாக மாற்றிக் கேட்டேன். "ஆண்டவரே, வெற்றி வேண்டாம். இதை முடித்துத் தாரும்." அவ்வளவுதான். அழக்கூடத் தெம்பு இருக்கவில்லை.

அன்று மச்சாள் பஸ்ஸில் அனுப்பிய சிறு நெல் பை என் கையில் இருந்தது. முதல் அறுவடை நெல்லைக் கோயிலுக்குக் கொடுப்பதைத்தான் நாங்கள் புதிர் என்போம். ஊரில் அதைச் சும்மா வைக்கக் கூடாது. எந்த வயல் நெல் என்று பீடத்துக்கு முன்னால் உரத்துச் சொல்ல வேண்டும். பெயரை மாற்றிச் சொன்னால் அடுத்த போகம் சொன்னவரின் வயல் எரிந்துபோகும் என்பது ஊர்ப் பயம். கொழும்பில் யார் இதெல்லாம் கேட்கப் போகிறார்கள்? பேசாமல் வைக்கத்தான் போனேன். வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

"நாவலடி வயல் புதிர்."

சொன்ன கையோடு ஒன்று நினைவில் தட்டியது. நாங்கள் கொழும்பில் இருந்த அந்த வருடங்களில் இதே வயல் நெல்லை இதே பெயர் சொல்லிக் கொடுத்தவர் யார்? செபஸ்தியான் அண்ணன்! ஊர்க் கோயிலில் முதல் புதிர் தன்னுடையது என்று நெஞ்சை நிமிர்த்தி நடப்பாராம். கோயிலில் இருந்து நேரே வெள்ளவத்தைக்குப் போனேன். சட்டத்தரணி அம்மா கேட்டுவிட்டுச் சிரித்தார். "இதை உங்கட மாதாவே சொல்லித் தந்தவாவோ? பரவாயில்லை, நான் எங்கட பிள்ளையாரிட்டயும் ஒரு சொல்லுச் சொல்லி வைக்கிறன்."

தவணை நாள். அண்ணன் வேதாகமத்தில் கை வைத்துச் சத்தியம் செய்து கூண்டில் நின்றார். வழக்குக் காணியைத் தானே விதைத்து வெட்டினதாகச் சொன்னார். சட்டத்தரணி அம்மா மெதுவாகக் கேட்டார்.

"அந்த நெல்லில கோயிலுக்குப் புதிர் குடுத்தனீங்களோ?"

"பின்னே? வருசா வருசம். ஊருக்கே முதல் புதிர் என்ர."

"என்ன வயல் எண்டு சொல்லிக் குடுத்தனீங்கள்?"

அண்ணன் வேதாகமத்தில் வைத்த தன் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். காணியைப் பற்றி எத்தனை பொய்யும் சொல்லக்கூடிய மனுஷன். பீடத்துக்கு முன்னால் சொன்ன பெயரை மாற்ற அவருக்குத் துணிவு வரவில்லை.

"நாவலடி" என்றார். திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். திருப்பியும் அதையே சொன்னார்.

அதே காணி, அதே ஆட்கள், ஏற்கெனவே தீர்ந்த விஷயம், இனி எந்தப் பெயரிலும் கிளப்ப முடியாது என்று வழக்கு தள்ளுபடியானது. மேன்முறையீட்டுக் காலமும் கடந்துவிட்டது. அண்ணன் மேன்முறையீடு செய்யவில்லை. மகன் இப்போது நொண்டாமல் நடக்கிறான். நானும் உயிரோடுதான் இருக்கிறேன், பாருங்கள்! ஆண்டவருக்குக் கோடி நன்றி.

உங்கள் வீட்டிலும் தீர்ந்து தீர்ந்து திரும்பி வருகிற ஒரு வழக்கோ பகையோ இருந்தால், வெல்லக் கேட்டுக் களைத்தது போதும். முடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். எனக்குத் தந்தவர் உங்களுக்கும் தருவார்.

போன கிழமை போன் அடித்தது. அதே மோட்டர் சத்தம். பயம்தான், பொய் சொல்லவில்லை. ஆனாலும் வைக்காமல் கேட்டேன்.

"அண்ணன், இந்த முறை உங்கட வயல் என்ன மாதிரி?"

பின்னால் மோட்டரை யாரோ நிறுத்தினார்கள்.

"எரியேல்ல, தங்கச்சி" என்றார்.