உள்ளே போட்ட பிள்ளையார் சுழி

அந்தக் கிட்டாரைச் செய்தது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இத்தாலியின் பலெர்மோவில் ஒரு வீடே வேறு கதை சொன்னது.

அந்த வீட்டில் எனக்குத் துப்புரவு வேலை, மனைவிக்குச் சமையல். வீட்டுக்கார அம்மா, சிக்னோரா, குப்பைக்குப் போட்ட வால்நட் மர அலுமாரியைப் போர்கோ வெக்கியோவிலுள்ள எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். உடல் உள்ளே வெறுங்கூடாக இருக்கும் மின்சாரக் கிட்டார் செய்ய ஆசை. பக்கப் பலகைகளை மெல்லிசாகச் சீவி, புட்டுப் பானையின் ஆவியில் பதமாக்கி வளைத்தேன்.

"புட்டெல்லாம் மரவாசம் அடிக்குது," என்று மனைவி மாதக்கணக்கில் திட்டினாள்.

எந்த வேலையைத் தொடங்கினாலும் போடுவதுபோல, அடிப்பலகையின் உட்புறத்தில் பென்சிலால் பிள்ளையார் சுழி போட்டிருந்தேன். மேல்பலகையை ஒட்டிவிட்டால் உள்ளே கை நுழையாது. வயர்களை நூலில் கட்டி, வயலினில் இருப்பது போன்ற வளைந்த துளை வழியாக இழுக்கவேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின.

சிக்னோராவின் மகன், நாற்பது வயது மனிதர், இரண்டு நாள் வாசித்துவிட்டுத் தருவதாகச் சொல்லிக் கேட்டார். கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

மூன்றாம் நாள் மதிய விருந்தில் நான் கோப்பித் தட்டோடு போகும்போது அவர் கிட்டாரையும் என்னையும் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "முழுக்க என் கையால் செய்தது. இவர் கொஞ்சம் தேய்த்துக் கொடுத்தார்." விருந்தாளிகள் கைதட்டினார்கள். உண்மை தெரிந்த சிக்னோராவும் தட்டினார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

குசினிக்குள் போய், சமைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் கொட்டினேன்.

"பேசாமல் இருங்கோ," என்றாள். "இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோ கடுதாசியைப் புதுப்பிக்க வேணும். சிக்னோரா கையெழுத்து வைக்காட்டி ரெண்டு பேருக்கும் அது இல்லை."

"ஓம், தெரியும்," என்றேன். தெரிந்துகொண்டேதான் திரும்பிப் போனேன்.

கைபேசி வெளிச்சத்தைக் கிட்டாரின் துளைக்குள் அடித்தேன். "நீங்கள் செய்திருந்தால், உள்ளே என்ன எழுதியிருக்கிறது, சொல்லுங்கள்."

அவர் குனிந்து பார்த்தார். விருந்தாளிகளும் பார்த்தார்கள். பென்சிலில் என் பிள்ளையார் சுழி தெரிந்தது; அவருக்கு அது வாசிக்கத் தெரியாத எழுத்து. கடைசியில், "மரம் எங்களுடையது," என்றார். வெட்கம் கெட்ட மனிதர்! கோப்பி ஆறுகிறது என்றார் சிக்னோரா. நான் கிட்டாரை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

திரும்பினால் வாசலில் மனைவி. திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் ஏப்ரனைக் கழற்றி மடித்து, விருந்து மேசையில் வைத்தாள்.

"மரம் அவையின்ரை எண்டால் அதை வளைச்ச புட்டுப் பானை என்ரை," என்றாள். "வாங்கோ, போவம்."