லைட்டக்காவின் நிலா

உருண்டையாக எது கையில் சிக்கினாலும் அதை முதலில் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார் லைட்டக்கா. ஆரஞ்சு, முட்டை, நூல்கண்டு, எதுவானாலும் சரி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்த பிறகுதான் உரிப்பதும் உடைப்பதும். எனக்காக எடுத்த ஆரஞ்சுக்கும் இதே மரியாதை நடந்தது. "சைடுல கொஞ்சம் சப்பை. பரவாயில்ல, சாப்பிடுங்க" என்று நீட்டினார்.

நாடகக் குழுவில் விளக்கு போடுகிறவர். தோளில் சுருட்டிய வயர், இடுப்பில் ஸ்க்ரூடிரைவர்; சாப்பாட்டு டப்பா திறக்காவிட்டாலும் அதுதான் ஆயுதம். கணவர் அதே குழுவின் தச்சர். அரண்மனையும் சிறைச்சாலையும் அவர் கையில் ஒரே பலகையிலிருந்து பிறக்கும். தலை முழு வழுக்கை. "வெளிச்சம் சரியான்னு பார்க்க இவரை நடுவுல நிக்க வெச்சாப் போதும்" என்கிறார் அக்கா. அவர் காதில் விழாததுபோல் ரம்பத்தை இழுக்கிறார்.

புது நாடகத்தில் நாயகி ஒரே காட்சியில் அமாவாசை முதல் பௌர்ணமி வரை காத்திருக்கிறாள். தச்சர் வழக்கம்போல் பிறை பிறையாக அட்டை வெட்டினார். ஒன்றை இறக்கி இன்னொன்றை ஏற்றுவதாக ஏற்பாடு. அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. "நிலா வளரணுங்க. சட்டையா மாத்தும்?"

வெள்ளைப் பந்து ஒன்றைத் தொங்கவிட்டார். பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது என்று அவர் நம்பியிருந்த காலம் அது. விளக்குக்கு முன்னால் வட்டத் தட்டைப் பிடித்து நிழலை நகர்த்தினார். பிறை வந்தது; பாதி நிலா மட்டும் வரமாட்டேன் என்றது. வானத்துப் பாதி நிலாவின் ஓரம் நேர்க்கோடு. இவருடையதோ எங்கே நிறுத்தினாலும் கடித்த பிஸ்கட்.

ஒரு காலை வெயில் ஜன்னல் வழியே சாய்வாக வந்தது. அக்கா பந்தைக் கைநீட்டித் தலையைவிடச் சற்று உயரமாகப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றினார். ஜன்னல் பக்கம் நீட்டியபோது பந்தின் இருண்ட முதுகு தெரிந்தது. பக்கவாட்டில் வந்ததும் அச்சாகப் பாதி. ஜன்னலுக்கு முதுகைக் காட்டியதும் முழு நிலா.

"வெயில் எப்பவும் பாதிப் பந்துல விழுந்துக்கிட்டேதான் இருக்கு. அந்தப் பாதியில நம்ம கண்ணுக்கு எவ்வளவு தெரியுதுங்கறதுதான் பிறையும் பௌர்ணமியும். நிலா நம்மளச் சுத்தி வருது, அதனால மாறுது. நிழலும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல."

பார்க்க வந்தவர்களைச் சுற்றிப் பந்தை ஓட்ட முடியாது. ஆகவே பந்தை நிறுத்திவிட்டு விளக்கைச் சுற்றவிட்டார். வளைத்த குழாய், அதில் ஒரு சக்கரம், இழுக்க ஒரு கயிறு. பந்தின் பின்னால் கிளம்பும் விளக்கு மேடையின் பக்கவாட்டைத் தாண்டி முன்னால் வந்து சேரும்.

கடைசி ஒத்திகையில் சக்கரம் பாதி நிலாவிலேயே சிக்கிக்கொண்டது. இயக்குநர் கையை விரித்தார். "போதும்க்கா, அட்டையே போட்டுடலாம்."

"நாளைக்கு ஒரு தடவை விடுங்க தம்பி. சிக்கிச்சுன்னா இனி நான் சுவிட்சைத் தவிர எதையும் தொடல."

"என் அட்டை என்னிக்காவது சிக்கியிருக்கா?" என்றார் தச்சர், பொதுவாக.

மறுநாள் மாலை அரங்கில் உட்கார இடமில்லை. பக்கத் திரைக்குப் பின்னால் நானும் ஒண்டிக்கொண்டேன். எனக்கு ஒருபுறம் அக்கா கயிற்றோடு, மறுபுறம் தச்சர் அட்டை நிலாக்களோடு. இருட்டிலிருந்து நூல்போல ஒரு பிறை முளைத்தது, தடித்தது, பாதியானது. ஓரம் நேர்க்கோடு. அங்கேயே நின்றது. அக்கா இழுத்தார், கயிறு விறைத்தது. இயக்குநர் தச்சருக்குக் கை காட்டினார்.

தச்சர் அட்டைகளைக் கீழே போட்டார். அவர் தலைக்கு நேர்மேலே குழாயின் இணைப்பு, விளக்கின் எடையில் தொய்ந்திருந்தது. ஸ்டூலில் ஏறித் தோளைக் கொடுத்து நிமிர்த்தினார்.

"இப்ப இழும்மா. மெதுவா."

சக்கரம் நகர்ந்தது. பந்து வெளிச்சத்தால் நிரம்பிக்கொண்டே வந்து முழு வட்டமாக நின்றது. நாயகி வாய் திறப்பதற்குள் அரங்கமே கைதட்டியது. அவள் வசனத்தை விழுங்கிக்கொண்டு காத்திருந்தாள். இயக்குநரும் தட்டினார்.

எடுத்தால் குழாய் மறுபடி தொய்ந்துவிடும் என்பதால், காட்சி முடியும்வரை தச்சர் தோளை எடுக்க முடியாது. வழுக்கையில் வியர்வை வழிந்தது. அக்கா கயிற்றைக் கட்டிவிட்டு, கீழே கிடந்த அட்டைகளில் பெரிதாக ஒன்றைப் பொறுக்கினார். பௌர்ணமி. அதைக்கொண்டு அவருக்கு விசிற ஆரம்பித்தார்.