உறுப்பினருக்காக நின்ற பாதை

மாகாண சபை உறுப்பினராகி ஒரு மாதத்துக்குள் நான் நடக்க மறந்துவிட்டேன். வீட்டிலிருந்து கோயில் இருநூறு யார் தூரம். அதற்கும் ஜீப். பதினாறு வருடம் சைக்கிளில் போய்க் கணிதம் படிப்பித்தவன் நான். உள்ளூர்ச் சபைத் தலைவரானபோது சைக்கிள் போய் மோட்டார்சைக்கிள் வந்தது. மாகாண சபைக்குப் போனதும் கழுத்தும் திரும்பாமல் போயிற்று.

1. சுபநேரம்

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு வாசிகசாலைத் திறப்பு விழா. சாத்திரியார் குறித்த நேரம் காலை ஆறரை. அன்று பிள்ளைகளுக்குச் சாதாரண தரப் பொதுப் பரீட்சையில் கணிதப் பாடம். பழைய கணித வாத்தியாருக்கு அது நினைவில்லை.

நாடா வெட்டினேன். மாலை, பொன்னாடை எல்லாம் முடிந்தது. "அஞ்சு நிமிஷம் மட்டும் பேசுறன்" என்று தொடங்கி ஒரு மணிநேரம் பேசினேன். பொருள்: கல்வியின் பெருமை. முடித்ததும் பலத்த கைதட்டல். ஒருவழியாக முடித்தானே என்று தட்டினார்கள் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

2. துறை

வாவியில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம். சண்டைக் காலம். தோணி இறக்கத் தடை. ஏழு மணிப் பாதையை விட்டால் வேறு வழியில்லை.

எட்டே காலுக்குத் துறைக்கு வந்தேன். ஏழு மணிப் பாதை அங்கேயே நின்றது. அதில் வெள்ளைச் சட்டையோடு ஆறு பெண் பிள்ளைகள்.

"ஏன் அண்ணே, இன்னும் எடுக்கல்லயா?" என்று பாதைக்காரர் கந்தப்போடியிடம் கேட்டேன்.

"உங்கட செக்ரட்டரி ராத்திரி வந்து சொன்னவர், சேர் வராம பாத எடுக்கப்படாதெண்டு. நான் என்ன செய்யிற?"

அப்படிச் சொல்லச் சொன்னவன் நான்தான். உறுப்பினர் வரும்வரை பாதை நிற்பது ஒரு மரியாதை. எனக்கு முன்பிருந்தவர்களுக்கும் அது நின்றது. நானா விடுவேன்?

பிள்ளைகளில் ஒருத்தி திலகா, என்னிடம் படித்தவள். "மூண்டாந்தரம் எழுதுறன் சேர். இந்த முறையும் தவறினா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப் போறாங்க" என்றாள். உடனே பாதையை எடுக்கச் சொன்னேன்.

சபைக் கூட்டத்துக்கும் பிந்துது என்று சாரதியை அவசரப்படுத்தியபடி, அக்கரையில் ஆறு பேரையும் ஜீப்பில் ஏற்றினேன். காவலரணில் எனக்கு சல்யூட் அடித்தார்கள். பிள்ளைகளை இறக்கி ஒவ்வொரு பையாகக் கொட்டிப் பார்த்தார்கள். என் பதவியின் செல்வாக்கு அவ்வளவுதான்.

3. கேற்று

பரீட்சை எட்டரைக்கு. ஒன்பதுக்குப் பிறகு யாரையும் உள்ளே எடுக்கக் கூடாது. பள்ளிக்கூட வாசல் கேற்றுக்கு நாங்கள் போனபோது ஒன்பது ஐந்து. மேற்பார்வையாளர் மேரி ரீச்சர், பத்து வருடம் என்னோடு படிப்பித்தவர்.

"அஞ்சு நிமிஷந்தானே ரீச்சர்."

"மூண்டு நிமிஷம் பிந்தி வந்த ஏறாவூர்ப் பொடியன இதே கேற்றுல வச்சி நீங்க திருப்பி அனுப்பல்லயா சேர்? அவன் அழக்குள்ள, நேரத்தின்ட அரும தெரியட்டும் எண்டு சொன்னீங்க. நான் பக்கத்தில நிண்டன்."

"நான் இப்ப மாகாண சபை உறுப்பினர்!"

"அதுக்கு மணிக்கூடு பின்னால போகுமா சேர்?"

கேற்று மூடியது. திலகா அழவில்லை. "சேர், உங்களுக்குக் கூட்டத்துக்குப் பிந்துது. போங்க" என்றாள். போனேன். வேண்டிய அளவு உறுப்பினர்கள் வராததால் கூட்டத்தை ஒத்திவைத்திருந்தார்கள். வந்தவர்கள் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

4. நற்சான்றிதழ்

இரண்டு மாதம் கழித்துத் திலகா என் அலுவலகத்துக்கு வந்தாள். வெளிநாடு போக என்னிடம் நற்சான்றிதழ் வேண்டுமாம். காலையில் வந்தவளை மத்தியானம்தான் உள்ளே கூப்பிட்டேன். கட்சிக்காரரோடு கதை.

பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கணக்கில் எழுதிய கை. யோசிக்காமல் எழுதியது: ஒழுக்கமானவர், நேர்மையானவர், நேரம் தவறாதவர்.

அவள் நின்றபடியே வாசித்தாள். "இத அண்டைக்கே தந்திருந்தா ரீச்சரிட்ட காட்டியிருப்பன் சேர்" என்று சொல்லிவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

அரசியலுக்கு வரலாமா என்று இளம் ஆசிரியர்கள் என்னிடம் கேட்கிறார்கள். வாருங்கள். ஆனால் உங்களுக்காக எதையும் நிறுத்தி வைக்கச் சொல்லாதீர்கள். நான் சொன்னேன். அந்தப் பாதையில் ஏறியிருந்தது யார் என்று கேட்கவில்லை. இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.