ஒல்லாந்தத் தளபதிக்கு இட்ட பொட்டு

கடந்த விஜயதசமிக்கு மறுநாள், லிங்கநகரிலிருந்து நகரத்துக்கு வர முச்சக்கர வண்டியொன்றில் ஏறினேன். கைபிடியில் சந்தனம், கண்ணாடியில் சந்தனம், வாடகை மீற்றரின் நெற்றியிலும் சந்தனம். இந்த மணம் பிறரைக் கோயிலுக்கு அழைத்துச் செல்லுமாம். என்னையோ ஒல்லாந்தத் தளபதி ஒருவரின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறது.

பல ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது அது; நான் அப்போது பாடசாலை விவாத அணியின் தலைவன். தற்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. தற்பெருமைக்கு வேறு சான்றுகள் உண்டு, அவை எங்கள் வீட்டு அலுமாரியில் வெற்றிக் கிண்ணங்களாக நிற்கின்றன. நவராத்திரி வாணி விழாவின் இறுதி நாளில் பாடசாலைப் பொருள்களுக்கெல்லாம் பொட்டு வைப்பது வழக்கம். பூகோள உருண்டை, மணி, நான் முழங்கும் ஒலிவாங்கி, எதுவும் தப்பாது. அந்த ஆண்டு அந்தப் பொறுப்பு நாலாம் வகுப்பில் படித்த என் தங்கை துளசியிடம் வந்தது. எடுத்த வேலையை அரைகுறையாக விடுவது எங்கள் குடும்பத்தில் இல்லை.

பூசை முடிந்ததும் சின்ன வகுப்புப் பிள்ளைகளைத் துறைமுகத்தருகே பழம்பொருள்கள் வைத்திருந்த சிறிய நூதனசாலைக்குக் கூட்டிச் சென்றார்கள். மேய்ப்பதற்கு என்னையும் அனுப்பினார்கள். துளசியின் கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தை வாங்கி வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நூதனசாலையின் பொறுப்பாளர் கிண்ணியாவைச் சேர்ந்த நசார் சேர். பொருள்களைத் தொட்டுப் பார்க்கப் பிள்ளைகளை விடுவார். "கண்ணால பார்த்தது கதவடியில மறந்துபோகும். கையால பார்த்தது நிக்கும்" என்பார். துளசி பழைய நங்கூரத்துக்குப் பொட்டு வைத்தபோது அவர் தடுக்கவில்லை.

"வைங்க மகள். வெயில்ல கிடந்து சூடேறின சாமான்தான், கொஞ்சம் குளிரட்டும்."

இந்த அனுமதி எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை அவர் வரையறுத்திருக்க வேண்டும். உள்மண்டபச் சுவரில் டச்சுக்காரர் ஆண்ட காலத்து, சரிகைக் கழுத்துப்பட்டி அணிந்த ஒல்லாந்தத் தளபதியின் எண்ணெய் வர்ண ஓவியம் இருந்தது. அதன் கீழே உட்கார ஒரு நீள வாங்கு. நாங்கள் உள்ளே சென்றபோது துளசி வாங்கின் மேல் நின்றாள். தளபதி சந்தனமும் குங்குமமுமாக, கலியாண வீட்டுக்கு வந்தவர்போல் இருந்தார்.

"உந்தப் பொட்டை இப்பவே துடையடி" என்றார் கூட வந்த ரீச்சர்.

துளசி சொற்கேட்கும் பிள்ளை. தண்ணீர்ப் போத்தலில் கைக்குட்டையை நனைத்து, கரும்பலகை துடைப்பதுபோல் அழுத்தித் துடைத்தாள். சந்தனம் வந்தது. இடப்புருவமும் வந்தது.

நசார் சேர் அந்த வாங்கிலேயே அமர்ந்தார். "நாளைக்குக் கொழும்பு ஆக்கள் இந்தப் படத்தைப் பார்க்கத்தான் வாறாங்க. நான் இனி இஞ்ச இருக்க ஏலாது."

"ஏன் வைச்சனீ?" என்று துளசியைக் கேட்டேன்.

"எல்லாத்துக்கும் வைச்சனான். இவர் மட்டும் வெறும் நெத்தியோட நிண்டவர்."

இதில் மறுக்க முடியாத வாதம் ஒன்று இருப்பதாக எனக்குப் பட்டது. அவருக்காக மறுநாள் நானே பேசுவதாகச் சொன்னேன்.

"கதைச்சா புருவம் முளைக்குமா தம்பி?"

"முளைக்காது சேர். உங்கட வேலை மிஞ்சும்."

மறுநாள் கொழும்பிலிருந்து அதிகாரிகள் மூவர் வந்தனர். நான் "அவையோரே" என்று தொடங்கினேன். படையோடு வந்தவனை ஒரு விரல்நுனிச் சந்தனத்தால் விருந்தாளியாக்கினாள் ஒரு சிறுமி என்றேன். புருவம் அழியும், பண்பாடு அழியாது என்றேன். பிள்ளைகளை நம்பிக் கதவு திறந்த மனிதரைத் தண்டிப்பது அந்தக் கதவையே தண்டிப்பதாகும் என்று முடித்தேன். மூவரும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையசைத்தனர். வெற்றி உறுதி என்று அமர்ந்தேன். பின்னர் அவர்களுள் மூத்தவர் நசார் சேரின் பக்கம் திரும்பி, நான் என்ன சொன்னேன் என்று சிங்களத்தில் கேட்டார்.

நசார் சேர் ஒரே மூச்சில் ஏதோ சொன்னார். தலையசைப்பு நின்றது.

வெளியே வந்ததும் கேட்டேன். "நல்லாச் சுருக்கிப் போட்டீங்கள் போல, சேர்."

"பிள்ளைகளைத் தொட விட்டது நான், பிழை என்ட எண்டு சொன்னன்."

"நான் அப்படிச் சொல்லவேயில்லையே."

"ஓம். நீங்க சொன்னதைச் சொல்லப்போனா யார் அந்தப் பிள்ளை, எந்தப் பள்ளிக்கூடம் எண்டு கேப்பாங்க. தங்கச்சிய வீட்ட கூட்டிப் போங்க."

அவரை எங்கோ மலைப்பக்கத்துக் களஞ்சியமொன்றுக்கு மாற்றினார்கள். அங்கே பார்வையாளர்கள் வருவதில்லையாம். தளபதியைக் கொழும்புக்கு அனுப்பிச் செப்பனிட்டார்கள். முன்னிலும் அடர்ந்த இரு புருவங்களோடு திரும்பி வந்தார். நான் அதன் பின்னரும் பல மேடைகளில் வென்றேன். என் பேச்சு எதையும் எவரும் அவ்வளவு நன்றாக மொழிபெயர்த்ததில்லை.

அண்மையில் அந்த நூதனசாலைக்குச் சென்றிருந்தேன். ஓவியத்துக்குக் கண்ணாடி, கண்ணாடிக்கு முன்னால் கயிறு, கயிற்றுக்கு முன்னால் காவலாளி. வந்திருந்த சின்னப் பிள்ளைகள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். அந்தக் கைகளை அவிழ்க்கச் சொல்ல அங்கே ஒருவருமில்லை.