எல்லம்மாள் காய்ச்சிய டீசல்

ஏனாத்தூரில் ஒரு கல்லூரியின் மாணவர் விடுதிக்குப் பின்னால், துணி காயப்போடும் கம்பிகளைத் தாண்டிப் போனால், தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்று இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு அங்கே புடவைக்கு மேல் ரப்பர் ஏப்ரன் கட்டி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, கையுறை போட்டுக்கொண்டு நிற்கும் பெண்ணைப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் பேராசிரியை என்று நினைத்து வணக்கம் வைப்பார்கள். எல்லம்மாள் திருத்தமாட்டாள். பதிலுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு. சொந்த ஊர் மாகறல். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் கழனியில் கூலிக்கு நடவு நட்டவர்கள். கணவர் கட்டட வேலைக்குப் போகிறார். அவள் மட்டும் பதினான்கு வருஷம் இந்த விடுதிச் சமையலறையில் எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நின்றாள். காலையில் பூரி, சாயங்காலம் போண்டா, ஞாயிற்றுக்கிழமை அப்பளம் என்று முந்நூறு பேருக்குப் பொரித்துப் பொரித்து, எண்ணெயைப் பற்றி அவள் மூக்கு அறியாதது எதுவும் இல்லை என்றாகிவிட்டது. டின்னைத் திறந்து ஒரு தடவை முகர்ந்தால் போதும். எத்தனை முறை காய்ந்தது, உள்ளே வெந்தது வாழைக்காயா மீனா, எல்லாம் சொல்லிவிடுவாள்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள் சட்டி சரிந்து, வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது. இரண்டு மாதம் வீட்டில் இருந்தாள். புண் ஆறியது, ஆனால் அடுப்புப் பக்கம் போனாலே அந்தத் தோல் எரிந்தது. வேலை போய்விடும் என்றுதான் நினைத்தாள். காய்கறி நறுக்க உட்காரவைத்தார்கள். அதுவும் எத்தனை நாளைக்கு என்று தெரியாமல் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் வேதியியல் துறைப் பேராசிரியை சத்யப்ரியா, பொரித்து முடித்த பழைய எண்ணெயை வாரம் ஒருமுறை வந்து எடுத்துக்கொண்டு போவார். அதிலிருந்து டீசல் எடுக்கிறார் என்று பேச்சு. ஆனால் நான்கில் ஒரு தடவையாவது டீசலுக்குப் பதிலாகக் கொழகொழவென்று சோப்பாகத் திரண்டு நின்றுவிடும். ஒருநாள் அவர் டின்னைத் தூக்கும்போது, எல்லம்மாள் கத்தியை வைத்துவிட்டு வந்தாள்.

"மேடம், அந்த டின்னு வேணாம். அதுல தண்ணி கலந்துக்கினு இருக்குது. இதை எடுத்துக்கினு போங்க."

"தண்ணி இருக்குன்னு எப்படிச் சொல்றீங்க?"

"வாசனையிலேயே தெரியுது. ஒரு சொட்டு சூடான கரண்டியில வுட்டா படபடன்னு பொரியறது உங்களுக்கே கேக்கும்."

அந்த வாரம் சோப்பு ஆகவில்லை. அடுத்த வாரமும் ஆகவில்லை. மூன்றாவது வாரம் சத்யப்ரியா நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டு, எல்லம்மாளைக் கொட்டகைக்கு மாற்றிக்கொண்டார். உத்தரவுக் காகிதத்தை வாங்கிய அன்று எல்லம்மாள் வெந்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, விடுதி வாசல் படியில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். இனி யாரும் அவளை அடுப்பு முன்னால் நிற்கச் சொல்லமாட்டார்கள்.

வேலை அவளுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. எண்ணெயை வடிகட்டி, சூடாக்கி, அதிலிருக்கும் ஈரத்தை விரட்ட வேண்டும். கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, சொட்டுச் சொட்டாக மருந்தை விட்டு, ரோஜா நிறம் வந்து நிற்கும் இடத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கு அதுதான் கணக்கு. அதற்குத் தகுந்தபடி காஸ்டிக் சோடாவை மெத்தனாலில் கரைத்து ஊற்றி ஒரு மணி நேரம் கலக்கினால், மறுநாள் பீப்பாயின் அடியில் கிளிசரின் வெல்லப்பாகு மாதிரி தங்கும். மேலே தேன் நிறத்தில் நிற்பதுதான் டீசல். அதை மூன்று தண்ணீர் கழுவி, மறுபடி சூடாக்கி உலர்த்தினால் வேலை முடிந்தது. ஒவ்வொரு காய்ச்சலிலும் ஒரு சின்னப் பாட்டில் எடுத்து, தேதி எழுதி அலமாரியில் வைப்பாள். அது சத்யப்ரியா சொன்ன பழக்கம்.

இரண்டு வருஷம் விடுதி ஜெனரேட்டர் அவள் டீசலில் ஓடியது. ஒரு தடவைகூட மக்கர் செய்யவில்லை. ஊருக்குள் ஓட்டல்காரர்கள் இரண்டு மூன்று பேர் பழைய எண்ணெயை இங்கே கொடுக்கத் தொடங்கினார்கள். இந்த வருஷம் சித்திரை கடைசியில், மாகறல் வழியாக வரும் கல்லூரிப் பேருந்துக்கும் ஐந்தில் ஒரு பங்கு அவள் டீசலைக் கலந்து ஊற்ற நிர்வாகம் சம்மதித்தது. அவள் தினமும் ஏறி வருகிற வண்டி அது. ஓட்டுநர் வேல்முருகனும் அதே பக்கத்துக்காரன்.

"எக்கா, ஒன் எண்ணெயிலதான் வண்டி ஓடுது. இனிமே டிக்கெட் கேக்கமாட்டேன்" என்றான் முதல் நாள். அந்த வண்டியில் யாருக்கும் டிக்கெட் கிடையாது.

மூன்று வாரம் கழித்து, வைகாசியில், பரீட்சை நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் அது நடந்தது. பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது வண்டி இரண்டு தடவை உலுக்கியது. வேல்முருகன் கியரைக் குறைத்தான். வண்டி இழுத்துப் பார்த்தது, முக்கியது, பாலத்தின் நடுவில் நின்றேவிட்டது. பின்னால் லாரிகள் ஹார்ன் அடிக்கத் தொடங்கின. அவன் இறங்கி, முன்பக்கம் திறந்து கையால் பம்ப் அடித்துப் பார்த்தான். மறுபடி ஏறிச் சாவியைத் திருகினான். செல்ஃப் மட்டும் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை.

"டீசல் ஏறவே மாட்டேங்குது" என்றான், யாரையும் பார்க்காமல். பிறகு எல்லம்மாளைப் பார்த்தான்.

வண்டியில் நாற்பது பிள்ளைகள். பத்து மணிக்குப் பரீட்சை. முன் சீட்டில் இருந்த அபிநயா என்ற பெண் ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள். எல்லம்மாள்தான் முதலில் எழுந்தாள். அழுகிறவளைக் கையைப் பிடித்து இறக்கி, எதிரே வந்த டவுன் பஸ்ஸை நடுரோட்டில் நின்று மறித்தாள். அதில் பாதிப் பேர் ஏறினார்கள். மீதிப் பேரை ஷேர் ஆட்டோக்களில் அடைத்து அனுப்பினாள். கடைசி ஆட்டோ போனபோது மணி ஒன்பது. வண்டிகளை விலக்கிவிட்டுக்கொண்டிருந்த வேல்முருகனின் போன் அடித்தது. நிர்வாக அலுவலர் கலைவாணன். ஸ்பீக்கரில் குரல் தெளிவாகக் கேட்டது.

"அந்த எண்ணெயை ஊத்தாதீங்கன்னு நான் அன்னிக்கே சொன்னேன். கொட்டகையை இன்னிக்கே பூட்டச் சொல்லிடறேன்."

எல்லம்மாள் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். கலைவாணன் சொன்னது அவளுக்கு உறைக்கவில்லை. அவள் மனம் பத்து நாளுக்கு முந்தைய ஒரு மத்தியானத்தில் போய் நின்றது.

கருட சேவைக்கு ஊருக்குள் போட்ட அன்னதானப் பந்தலிலிருந்து வடை பொரித்த எண்ணெய் ஆறு டின் வந்திருந்தது. முந்தின நாள் பெய்த மழையில் ஒரு டின்னின் மூடி திறந்தே கிடந்திருக்கிறது. அதை அவள் கண்டுபிடித்துத் தனியாகக் கொதிக்கவைத்துத்தான் சேர்த்தாள். ஆனால் டீசல் ஆன பிறகு, கழுவிக் கடைசியாக உலர்த்தும்போது கரண்ட் போய்விட்டது. இன்னும் அரை மணி நேரம் சூடு வேண்டும். ஒரு மணி நேரம் காத்திருந்தாள். கரண்ட் வரவில்லை. வண்டிக்கு டீசல் வேண்டும் என்று ஆள் வந்து நின்றான். வழக்கம்போல் பாட்டிலில் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. போதும் என்று கொடுத்து அனுப்பிவிட்டாள்.

இது வேறு யாருக்கும் தெரியாது. சொல்லாவிட்டால் தெரியவும் போவதில்லை. ஆனால் பாலத்தில் நின்றது நாற்பது பிள்ளைகள் இருந்த வண்டி. ஆட்டோவில் ஏனாத்தூர் போய்ச் சேரும்வரை இந்த இரண்டு நினைப்பும் மாறி மாறி வந்தன. போனதும் நேரே வேதியியல் துறை மாடிக்கு ஏறினாள்.

"மேடம், பசங்க எல்லாரும் பரீட்சைக்குப் போய்ட்டாங்களா?"

"எல்லாரும் உள்ள போயாச்சு எல்லம்மா. உட்காருங்க. தண்ணி குடிங்க."

அவள் உட்காரவில்லை. "ஒரு காய்ச்சல் மேல எனக்கு சந்தேகம் இருக்குது. அன்னதான எண்ணெய். கரண்ட் போச்சு. முழுசா காயவைக்காமலே குடுத்துட்டேன். தண்ணி நின்னிருந்தா என் தப்புதான். நானே கலைவாணன் சார் கிட்ட சொல்லிடறேன்."

 சத்யப்ரியா மேசையிலிருந்து சாவியை எடுத்தார். "முதல்ல பார்த்துடலாம். பார்க்காம யார் தப்புன்னு எப்படிச் சொல்றது? அந்தப் பாட்டில் இருக்கு இல்ல?"

கொட்டகையை இன்னும் யாரும் பூட்டியிருக்கவில்லை; அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டார்கள். எல்லம்மாள் விடுதிச் சமையலறையிலிருந்து தாளிக்கிற கரண்டியை வாங்கி வந்தாள். ஆய்வகத்தின் மின்சாரத் தட்டில் அதை வைத்துச் சூடேற்றினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று சத்யப்ரியா வேறொரு டீசலில் ஊசியால் தொட்டளவு தண்ணீர் கலந்து, அதில் ஒரு சொட்டு விட்டார். கரண்டி படபடவென்று பொரிந்தது.  எல்லம்மாள் கரண்டியைத் துடைத்து, மறுபடி சூடாக்கி, அன்னதானப் பாட்டிலைத் திறந்தாள். ஒரு சொட்டு விட்டாள்.

ஒன்றும் கேட்கவில்லை. சொட்டு பரவி, மெல்லப் புகைந்து, அப்படியே காய்ந்தது. இன்னொரு தடவை விட்டாள். அதுவும் சத்தமில்லாமல் காய்ந்தது. சத்யப்ரியா விடாமல், ஈரம் அளக்கும் கருவியிலும் வைத்துப் பார்த்தார். அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தது.

"ஒன்னும் இல்ல எல்லம்மா. நல்லாத்தான் இருக்கு."

எல்லம்மாள் அப்போதுதான் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "அப்போ வண்டி எதுக்கு நின்னுச்சு?" என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் ஓரிக்கையில் கிடைத்தது. வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் அங்கே தாவீதின் பட்டறையில் விட்டிருந்தார்கள். முப்பது வருஷமாக டீசல் வண்டி மட்டுமே பார்க்கிறவர் தாவீது. சத்யப்ரியாவின் ஸ்கூட்டரில் இருவரும் போய்ச் சேர்ந்தபோது கலைவாணனும் அங்கே நின்றிருந்தார். தாவீது டீசல் ஃபில்டரைக் கழற்றிக் கத்தியால் அறுத்து, பழைய செய்தித்தாள் மேல் விரித்து வைத்திருந்தார். உள்ளே மடிப்பு மடிப்பாகக் கறுப்புச் சேறு அப்பியிருந்தது.

எல்லம்மாள் குனிந்து முகர்ந்தாள். "இதுல வடை வாசனையே இல்லபா. இது வேற இன்னாமோ."

"ஒன்னுது இல்லமா இது" என்றார் தாவீது. "வண்டியோட சொந்த அழுக்கு. பதினோரு வருஷமா டேங்க் அடியில தூங்கிக்கினு இருந்துச்சு. ஒன் எண்ணெய் போயி அத எழுப்பி வுட்டுட்டுது. சோப்பு போட்டு கழுவன மாதிரி மொத்தமா பேந்து வந்து இதுல அடைச்சிக்கிச்சு. டீசல் போக வழியே இல்ல, வண்டி எங்க ஓடும்?"

சத்யப்ரியா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இது எனக்குத் தெரியும். பழைய டேங்குக்கு முதல் தடவை ஊத்தினா ஃபில்டரை மாத்திக்கிட்டே இருக்கணும்னு படிச்சிருக்கேன். ஜெனரேட்டர் புதுசு, அதுல வரல. பஸ்ஸுக்குச் சொல்ல மறந்துட்டேன். தப்பு என் மேலதான் சார்."

கலைவாணன் செய்தித்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மறுபடியும் அடைக்குமா?"

"ஒரு தடவ, மிஞ்சிப்போனா ரெண்டு தடவ. டேங்க நான் இன்னிக்கே எறக்கிக் கழுவிடறேன். அப்பறம் வராது. எஞ்சின்ல ஒரு குறையும் இல்ல சார். எண்ணெய் நல்ல எண்ணெய்."

"நான் பயந்தது எஞ்சினுக்கு" என்றார் கலைவாணன். அவர் குரல் காலையில் கேட்டதைவிட வெகுவாக இறங்கியிருந்தது. "கொட்டகை இருக்கட்டும். பசங்க பரீட்சையை விடாம பார்த்துக்கிட்டீங்களாமே, வேல்முருகன் சொன்னான்."

 எல்லம்மாள் வேறொன்றைச் சொன்னாள்.

"சார், அன்னிக்குக் கரண்ட் போயி நான் பாதியில நிறுத்துனேன். இந்த வாட்டி ஒன்னும் ஆவல. அடுத்த வாட்டி ஆவும். ஜெனரேட்டர் என் டீசல்லதான் ஓடுது, ஆனா என் கொட்டகைக்கு மட்டும் அதுல இருந்து லைன் இல்ல. ஒரு லைன் இழுத்துக் குடுத்தா நல்லா இருக்கும்."

கலைவாணன் அவளையும் சத்யப்ரியாவையும் பார்த்தார். தாவீது சத்தமாகச் சிரித்துவிட்டார். பிறகு கலைவாணனும் சிரித்தார். அந்த வாரமே எலக்ட்ரீஷியன் வந்து லைன் இழுத்தான்.

புது ஃபில்டர் நான்காம் நாள் கொஞ்சம் கறுத்தது. மாற்றினார்கள். அதற்கடுத்தது பதினைந்து நாள் ஓடியும் சுத்தமாக இருந்தது. தாவீது அதை அறுத்துப் படம் எடுத்து, போனில் அனுப்பினார். வேல்முருகன் தன் போனில் வந்த அந்தப் படத்தை வண்டிக்குள் பிள்ளைகள் எல்லாருக்கும் காட்டினான். அபிநயா எட்டிப் பார்த்துவிட்டு, பரீட்சை நன்றாகவே எழுதியதாக எல்லம்மாளிடம் சொன்னாள்.

அன்று சாயங்காலம் திரும்பும்போது வண்டி பாலத்தில் ஏறியது. எல்லம்மாள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எஞ்சின் சத்தத்தைக் கவனித்தாள். சீராக இருந்தது. பாலம் முடிந்தது. அதற்கப்புறம் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. மாகறல் வந்து, இரண்டு தடவை ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டு, வேல்முருகன் இறங்கி வந்து தோளைத் தட்டினான்.

"எக்கா, ஊர் வந்துடுச்சு. எழுந்திரு."

அவள் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். இத்தனை வருஷத்தில் அந்த வண்டியில் அவள் தூங்கியது அதுதான் முதல் தடவை.