இரண்டு சாண் மேலே

பெயின்ட் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் விரலை விரித்து இரண்டு சாண் அளப்பாள். டேப் இடுப்பில் சும்மா தொங்கும். அது மேலதிகாரி வந்தால் காட்டுவதற்கு.

நகராட்சியில் அவள் சர்வேயர், தெருக்காரர்களுக்குக் கோட்டுக்காரி. போன வெள்ளம் ஏறிய உயரத்தில் வீட்டுக்கு வீடு நீலக் கோடு உண்டு. மழை இப்போது பழைய கணக்கில் பெய்வதில்லை. மூன்று நாள் மழை மூன்று மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கிறது. அதனால் நீலத்துக்கு இரண்டு சாண் மேலே சிவப்புக் கோடு போட உத்தரவு. சிவப்பு முழங்காலைத் தாண்டினால் கீழ்த்தளத்தில் குழந்தைகளை வைக்கக் கூடாது.

"வராத தண்ணிக்கு எதுக்கும்மா கோடு?" என்று கேட்காத வீடில்லை.

"வந்தப்புறம் தானா விழறதுக்குப் பேரு கறைங்க" என்று சொல்லிக்கொண்டே பிரஷ்ஷைத் தோய்ப்பாள்.

சொந்த வீட்டிலும் இதே கூத்துதான். கட்டில் செங்கல் மேல் நிற்கிறது, அரிசி டப்பா பரணில் இருக்கிறது. உப்புக்குக்கூட ஸ்டூல் ஏறவேண்டும் என்று புருஷன் புலம்புகிறார்.

கடைசித் தெருவை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். அங்கே அக்கா குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். பதினாலு குழந்தைகள், மாடி கிடையாது. சிவப்பு விழுந்தால் மூடவேண்டியதுதான். இரண்டு வாரமாக அக்கா போனை எடுக்கவில்லை. கூட வேலை பார்ப்பவர் வழி சொன்னார்: ஒரு சாணோடு விட்டால் முழங்காலோடு நிற்கும். "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?"

"யாரு தலைன்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, அன்றும் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை.

மறுநாள் போனாள். நீலக் கோடு கெண்டைக்கால் உயரத்தில் மங்கிக் கிடந்தது. ஒரு சாண் வைத்தாள்.

"அதோட நிறுத்திக்கோடி" என்றாள் அக்கா. "உன்கிட்ட நான் எதுவும் கேட்டதில்ல."

உண்மைதான். அம்மா போனபின் இவளை வளர்த்ததே அக்காதான். காப்பகக் குழந்தைகளுக்கு மாதாமாதம் உயரம் பார்ப்பது இந்தச் சுவரில்தான். அளக்கிற கையைக் கண்டதும் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று ஓடி வந்து சுவரில் முதுகை ஒட்டி விறைப்பாக நின்றது. இவள் இரண்டாவது சாணை வைத்தாள். விரல் குழந்தையின் தாடையில் முட்டியது.

அக்கா கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்தாள். பிறகு குனிந்து குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் பிரஷ்ஷை எடுத்து நீட்டினாள்.