தராசோடு போன பெரியக்கா

தூக்கினால் பித்தளைத் தட்டுகள் இரண்டும் உரசிச் சத்தம் போடும் சின்னத் தராசு அது. துணிப்பையில் அதைப் போட்டுக்கொண்டு எங்கள் பெரியக்கா முதன்முதலாகச் சாணார்பட்டி பஸ்ஸில் ஏறியபோது, கண்டக்டர், "என்னக்கா, சந்தைக்கா?" என்று கேட்டார். "சோத்தை நிறுக்கப் போறேன் தம்பி" என்றார் பெரியக்கா. அறுபதுகளின் தொடக்கம் அது. திண்டுக்கல் பக்கத்தில் கிராமப் பெண்களுக்காக நடந்த நிறுவனத்தில் அவர் ஆய்வுப் பொறுப்பாளர், நான் உதவியாளர்; மூத்தவர் என்பதால் நாங்கள் எல்லாரும் அவரைப் பெரியக்கா என்றே கூப்பிடுவோம். அந்த நிறுவனம் இன்று பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துவிட்டது. ஆண் பெண் சமத்துவ ஆய்வுக்காக அதற்குப் பாராட்டுக் கிடைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் எனக்கு அந்தத் தராசுதான் ஞாபகம் வந்தது.

பெரியக்கா திண்டுக்கல் டவுனில் கத்தோலிக்க ஆசிரியர் குடும்பத்தில் பிறந்தவர். எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று கேட்காமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது. அப்போது அவரைக் குடைந்துகொண்டிருந்தது ஒரே கேள்வி. காடுகரையில் நாளெல்லாம் பாடுபடுகிற பெண் மத்தியானம் எவ்வளவுதான் சாப்பிடுகிறாள்? ஆண்களைக் கேட்டால், "வேணுங்கிறதைத் திம்பா. பானையே அவ கையிலதான இருக்கு" என்றார்கள். பெரியக்கா நம்பவில்லை. நேரில் நிறுத்தே பார்த்துவிடுவது என்று கிளம்பிவிட்டார்.

நாங்கள் போன வீட்டில் ஒரு கைக்குழந்தைக்காரி இருந்தாள். பால் பற்றாமல் குழந்தை சிணுங்கிக்கொண்டே இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பும் வழக்கம் அந்தப் பக்கம் கிடையாது. எங்களையும் உட்காரவைத்துக் கம்பஞ்சோறும் கத்தரிக்காய் வெஞ்சனமும் போட்டாள். மறுத்தால் மனசு வருத்தப்படுவாளே என்று சாப்பிட்டோம். ஆண்கள் சாப்பிட்டார்கள், மாமியார் சாப்பிட்டார். அவள் மட்டும், "செத்த நேரம் போகட்டும் டீச்சரம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று நாங்கள் எழுந்துவிட்டோம். மறந்துவிட்ட குடையை எடுக்கப் பாதி வழியில் திரும்பிப் போனால், பானை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அவள் சோறு ஊறின நீச்சத்தண்ணி ஒரு செம்பில் உப்புப் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தாள்.

பஸ் ஊரை நெருங்கும்போதுதான் பெரியக்கா, "அவ சோத்தை நிறுக்கப் போனோம். அதையே தின்னுட்டு வந்துட்டோமேடி" என்றார்.

சில நாட்களில், மாமியாரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, அவளை எங்கள் விடுதிக்கு விருந்துக்கு அழைத்தார். விருந்தாளி சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும்! குழந்தையோடு வந்தாள். இலை போட்டோம்; உட்கார மறுத்துவிட்டாள்.

"ஆம்பளைக யாரும் இன்னும் சாப்புடலையே, நான் எப்பிடி முன்னாடி உக்காருவேன்?"

பெண்கள் விடுதியில் ஆம்பிளைக்கு எங்கே போவது? கடைசியில் வாட்ச்மேனைப் பிடித்துவந்து உட்காரவைத்தோம். வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்த மனிதர், பெரியக்காவுக்குப் பயந்து மறுபடியும் சாப்பிட்டார். இந்தக் கதையை இப்போது சொன்னாலும் எல்லாரும் சிரிக்கிறார்கள். அன்று நாங்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பெரியக்கா சிரிக்கவில்லை.

வாட்ச்மேன் எழுந்து போன பிறகுதான் அவள் உட்கார்ந்தாள். பெரியக்கா தராசை எடுக்கவே இல்லை. தன் கையாலேயே சோற்றை அள்ளி வைத்தார். அவள் இலையைப் பார்த்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தாள்.

"இம்புட்டும் எனக்கா? இதுல யாருக்கு மிச்சம் வைக்கணும்?"

"யாருக்கும் வேணாம் தாயி. நீ சாப்புடு."

எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். கூச்சம் விட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிக் கேட்டும் வாங்கினாள். அதுவரை குழந்தையைப் பெரியக்கா தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அது அழவும் இல்லை, தூங்கவும் இல்லை. தன் அம்மாவையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் சாப்பிட்டு அந்தக் குழந்தை அதற்கு முன் பார்த்ததே இல்லையோ என்னவோ.